நடமாட்டம் இல்லாத முட்டைகள்

ஒரு காட்டில், முட்டைக்குள்ளிருந்து ஓட்டைத் தட்டும் சத்தத்தை மறக்க முடியாத கோழி ஒன்று இருந்தது. பெயர் தவமணி. பல மழைக்காலங்களுக்கு முன், ஒரு மூங்கில் புதரடியில், தன் வயிற்றுக்குக் கீழே அது முதன்முதலாகக் கேட்ட சத்தம். மண்சட்டியை நகத்தால் சுண்டுவது போல, அவ்வளவு மெல்லியது. அதை மறுபடி மறுபடி கேட்பதற்காகவே கரடியின் வணிக வளாகத்தில், மூன்றாம் மாடியில், தவமணி ஒரு பொரிப்பகம் நடத்தியது.

வேலைக்குப் போகும் கௌதாரிகளும் ஆட்காட்டிகளும் முட்டைகளை அங்கே ஒப்படைத்துவிட்டுப் போகும். அவற்றின் சூட்டுக்காகப் பன்னிரண்டு குண்டு பல்புகள் இரவும் பகலும் மஞ்சளாக எரியும். கதை நடந்த மாதம் வைக்கோலில் முப்பத்தொரு முட்டைகள் கிடந்தன. பொரிக்க இன்னும் ஒன்பது நாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கரடிக்கு ஓர் ஆசை வந்தது. மின்சாரத்தில் முப்பது சதவீதம் மிச்சப்படுத்தும் கட்டிடங்களுக்குச் சிங்கத்தின் தர்பாரில் பித்தளைத் தகடு தந்தார்கள். பக்கத்துப் பன்றியின் வளாகத்தில் அது பளபளத்தது. பன்றிக்கு இருக்கிறது, கரடிக்கு இல்லை. அந்தக் காட்டில் இதைவிடப் பெரிய மின்சாரப் பிரச்சினை எதுவும் இருக்கவில்லை.

எவ்வளவு மிச்சமாகும் என்று மதிப்பிட ஓணான் வந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் இனம். ஆலோசகர் தொழிலுக்கு வேறென்ன படிப்பு வேண்டும்? ஐந்து மாடியையும் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தது. கரடியின் ஏசி அறையை மட்டும் பார்க்கவில்லை. முதலாளி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ன அறைம்மா?"

"பொரிப்பகம் சார்."

ஓணான் படிவத்தைப் பார்த்தது. "கடை, அலுவலகம், கிடங்கு, கழிப்பறை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"பொரிப்பகம்னே எழுதிக்கங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே. முட்டைங்க நடமாடுமா?"

"முட்டை எப்படி சார் நடமாடும்?"

"அப்போ கிடங்கு."

கிடங்கில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நடமாட்டம் என்று ஓணானின் அட்டவணை சொன்னது. ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் விளக்கை அணைக்கும் சென்சார் ஒன்றை மாட்டிவிட்டால், இருபத்து மூன்று மணி நேர மின்சாரம் மிச்சம். இப்படியே அறை அறையாகக் கூட்டியதில் முப்பத்திரண்டு சதவீதம் வந்தது.

"அளந்து பாத்தீங்களா சார்?" என்று கேட்டது தவமணி.

"அளந்தா அது அளவும்மா. இது மதிப்பீடு."

மறுநாள் சென்சார் வந்தது. ஐந்து நிமிடத்தில் டிக் என்று பல்புகள் அணைந்தன. தவமணி சிறகை அடித்தது, எரிந்தன. நின்றது, டிக். அன்றிலிருந்து அது நடந்தது. நடந்துகொண்டே தின்றது. கீழே கீரைக்கடை வைத்திருந்த முயல் எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, சாமி வந்துடுச்சா?"

"சென்சார் வந்துடுச்சு," என்றது தவமணி, நடையை நிறுத்தாமல்.

அது கண் அயரும் நேரங்களில் அதற்குப் பதிலாக முயல் வந்து குதித்தது.

ஐந்தாம் நாள், சரிபார்க்க தர்பாரிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. ஓணான் அப்போதுதான் முதன்முறையாக மீட்டரைப் பார்த்தது. மிச்சம் இருபத்து நாலு சதவீதம்தான். கரடியிடம் ஓடியது.

"மதிப்பீட்டுல தப்பில்ல முதலாளி. கட்டிடம்தான் தப்பா நடக்குது."

"எங்க?"

"மூணாவது மாடியில. கிடங்குல ஒரு கோழி நடக்குது."

கரடி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தது. "ஏம்மா தவமணி, உன் ஒருத்தியால என் பேரு கெடணுமா?"

"இன்னும் நாலே நாள் முதலாளி. பொரிச்சிடும்."

"அந்த நாலு நாள் உட்காரேன். உட்கார்றதுதானே கோழிக்கு வேலை?"

"என் சிறகுக்குள்ள பதினொண்ணுதான் அடங்கும். மீதி இருபதும் பல்பை நம்பித்தான் கிடக்கு."

"முப்பத்தொண்ணுல பதினொண்ணு. நூத்துக்கு முப்பத்தஞ்சு வருதில்ல? பாஸ்தானே?"

ஓணான் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டியது.

கோழி எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு காட்டெருமையை வாசலில் நிறுத்தினார்கள். அதுவும் அசையக் கூடாது என்று உத்தரவு. தவமணி எட்டிய முட்டைகளை இழுத்துச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது. எவை யாருடையவை என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எதையும் எடுத்திருக்க முடியாது. டிக் என்றது சென்சார்.

அதிலிருந்து நாலாம் நாள் சிறகுக்கடியில் பதினோரு தரம் அந்தச் சத்தம் கேட்டது. பிறகு தவமணி எழுந்து, மீதி இருபதின் மேலும் ஒவ்வொன்றாகக் காதை வைத்தது. எதிலும் கேட்கவில்லை.

தர்பாரிலிருந்து வந்த கொக்கு மீட்டரையும் மதிப்பீட்டையும் ஒப்பிட்டது. முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு. இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டைத் தான் கண்டதில்லை என்று ஓணானின் கழுத்தில் மாலை போட்டது. தகடு பதிக்கப்பட்டது. பதித்த பிறகு மீட்டரை யாரும் பார்ப்பதில்லை என்பது அந்தக் காட்டின் வழக்கம்.

அதன்பின் மூன்றாம் மாடிக்கு யாரும் முட்டை கொண்டுவரவில்லை. அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள். கிடங்கு என்று ஓணான் எழுதியது கடைசியில் பலித்தேவிட்டது.

தகடு பதிக்கும் விழாவுக்கென்று கரடியின் அறையிலும் ஒரு சென்சார் மாட்டியிருந்தார்கள். தவமணிக்கு இப்போது அங்கேதான் வேலை. முதலாளி தூங்கும்போது ஏசி அணைந்துவிடாமல் இருக்க, அவர் மேசைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறது.

நீதி: படிவத்தில் கட்டம் இல்லாதவர்கள் அசையாமல் இருந்தால் எந்த மதிப்பீடும் பொய்க்காது. முதலாளி தூங்கும் நேரத்தில் மட்டும் அவர்கள் அசையலாம்.