ரெஜினாக்கா பெட்டி எண்ணூர் போன கதை

போன சனிக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெஜினாக்காவுக்கு ஏர்போர்ட் இங்கிலீஷ் கடைசி கிளாஸ் எடுக்கணும். சாயங்காலம் அவங்களை ஃப்ளைட் ஏத்திவிடணும். அவ்ளோதான்.

இதுல தப்பாப் போறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டுக் கிளம்பினேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். தண்டையார்பேட்டையில ஒரு குடோன் மாடியில நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துறேன். கீழ மூட்டை, அட்டைப்பெட்டி, லாரி. மேல நான், ஒரு போர்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் சேர். கீழ லோடு ஏத்துறவங்க கத்துறதை மீறி நான் கத்தணும். அதனால குரல் நல்லா வளர்ந்திருக்கு. பொறுமை வளரல.

என் கிளாஸ்ல ஒரே சட்டம். எதைக் கேட்டாலும் முழு வாக்கியத்துல பதில் வரணும். வெறும் யெஸ், வெறும் நோ கிடையவே கிடையாது! ஒத்தை வார்த்தையில பதில் சொன்னவங்க கிளாஸ் முடியற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். அதோட, சொல்றது உண்மையா இருக்கணும். பொய் சொன்னா கிராமர் தடுமாறும்னு நானே ஒரு தியரி கண்டுபிடிச்சு வச்சிருந்தேன்.

ரெஜினாக்கா ராயபுரத்துல இட்லிக் கடை வச்சிருக்காங்க. ஒரே பொண்ணு, மஸ்கட்ல நிறைமாசம். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை. அக்கா போயே ஆகணும். அதுவும் தனியா. வாழ்க்கையில முதல் தடவையா ஃப்ளைட்.

"மிஸ்ஸு, இட்லி வெந்துச்சா இல்லியான்னு மூடியத் தொறக்காமலே நான் சொல்லுவேன். ஆனா அந்த ஏர்போர்ட்ல எவனாவது இங்கிலீஷ்ல எதனா கேட்டான்னு வச்சுக்கோ, அப்டியே திரும்பி வூட்டுக்கு வந்துருவேன்"னு முதல் நாளே சொல்லிட்டாங்க.

"நான் இருக்கேன்க்கா, கவலையை விடுங்க"ன்னேன்.

நான் ஃப்ளைட்டே ஏறினது இல்லைங்கிறது இங்க தேவையில்லாத தகவல். மெட்ரோவுல ஏர்போர்ட் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன். ஏசி நல்லா இருந்துச்சு.

கடைசி கிளாஸ்னா சும்மா போர்டுல எழுதிப் போட்டா போதுமா? எனக்குப் பத்தாதே! கிளாஸையே ஏர்போர்ட்டா மாத்திடலாம்னு முடிவு பண்ணினேன்.

"ஒரிஜினல் பெட்டியோட வாங்கக்கா. வெயிட்டும் பாத்துடலாம், இங்கிருந்தே கிளம்பிடலாம்"னு சொன்னதும் நான்தான்.

செக்-இன் கவுன்ட்டர்ல இஸ்மாயில் பாயை உக்கார வச்சேன். வண்ணாரப்பேட்டையில துணி மொத்த வியாபாரம் பண்றவர். எங்க கிளாஸ்லயே ஃப்ளைட்ல போயிட்டு வந்தவர் அவர் ஒருத்தர்தான், மிஸ்ஸையும் சேர்த்து.

பெட்டி நகர்ற பெல்ட்டுக்கு என்ன பண்றது? அதுக்கும் வழி இருந்துச்சு. எங்க மாடியும் ஒரு காலத்துல குடோன்தான். மூட்டையைத் தள்ளிவிடறதுக்கு மாடிப்படி ஓரமா ஒரு சறுக்குப் பலகை இன்னும் இருக்கு. மேல வச்சுத் தள்ளினா நேரா கீழ, லாரி நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல போய் நிக்கும். கன்வேயர் பெல்ட்! என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

பெட்டியில கட்டற டேக் வேணுமே? கீழ போய் லோடு மேஸ்திரி தனசேகரைக் கேட்டேன்.

"மேஸ்திரி, அந்த மஞ்சள் சீட்டு ஒண்ணு குடுங்க."

"இன்னாத்துக்கு மிஸ்ஸு?"

"ஏர்போர்ட்டுக்கு."

கயிறோட ஒண்ணை உருவிக் குடுத்துட்டார். மேல என்ன நடக்குதுன்னு கேக்கறதை அவர் நிறுத்தி ரொம்ப நாளாச்சு. மஞ்சள் சீட்டுன்னா என்ன அர்த்தம்னு நானும் கேக்கல.

அக்கா வந்தாங்க. மெரூன் கலர் பெட்டி. ரெண்டு சக்கரம், அதுல ஒண்ணு சுத்தாது. பெட்டி வர்றதுக்கு முன்னாடியே கருவாட்டு வாசனை மாடி ஏறி வந்துடுச்சு.

பாஸ்போர்ட்டுக்கு பதிலா அட்டையில ஒண்ணு நானே செஞ்சு வச்சிருந்தேன். "ஒரிஜினல் கசங்கிடப் போகுதுக்கா. பெட்டியில வச்சுப் பூட்டிடுங்க. பத்திரமா இருக்கும்."

பத்திரமா இருக்கும்! என் வாயால நானே சொன்னது.

பாய் தொண்டையைக் கனைச்சுக்கிட்டார். அந்தச் சேர்ல உக்காந்ததும் மனுஷனுக்கு முகமே மாறிடுச்சு.

"குட் மார்னிங் மேடம். வேர் ஆர் யூ கோயிங்?"

"குட் மார்னிங் சார். ஐ ஆம் கோயிங் டு மஸ்கட் டு சீ மை டாட்டர். ஷி இஸ் மை ஒன்லி டாட்டர்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மூணு மாசம் முன்னாடி 'குட் மார்னிங்'கையே வெக்கப்பட்டுக்கிட்டு சொன்னவங்க!

"டிட் யூ பேக் திஸ் பேக் யுவர்செல்ஃப்?"

"நோ சார். மை ஹோல் ஸ்ட்ரீட் பேக்ட் திஸ் பேக்."

கிளாஸே சிரிச்சுது. ஆனா அது சத்தியமான உண்மை. எங்க ஏரியாவுல ஒருத்தர் வெளிநாடு போனா, அவங்க பெட்டியில அவங்க சாமானுக்கு இடம் கிடைக்காது. எதிர்வீட்டு நெத்திலிக் கருவாடு, பக்கத்து வீட்டு வடகம், பின்சந்து அம்மா அரைச்ச பிள்ளை பெத்த மருந்து, கோயில்ல மந்திரிச்ச எண்ணெய், எல்லாம் ஏறி உக்காந்துக்கும்.

"சூப்பர்க்கா! முழு வாக்கியம்! உண்மை! இதைத்தான் எதிர்பார்த்தேன்"னு கை தட்டினேன்.

பாய் மஞ்சள் சீட்டைக் கட்டினார். பெட்டியைப் பலகையில வச்சுத் தள்ளினார். சர்ர்ர்னு போச்சு. என்ன அழகு!

அப்புறம் செக்யூரிட்டி செக். அப்புறம் போர்டிங். பிளாஸ்டிக் சேரை ரெண்டு வரிசையா போட்டு ஃப்ளைட் பறந்துச்சு. நடுவுல டீ குடுத்தோம். சீட் பெல்ட்டுக்கு துப்பட்டாவைக் கட்டிக்கிட்டோம். மஸ்கட்ல சுகமா இறங்கினோம்.

"இப்போ கீழ போய் உங்க பெட்டியை எடுத்துட்டு வாங்கக்கா."

போனாங்க. வெறுங்கையோட வந்தாங்க. என் முன்னாடி நேரா நின்னாங்க.

"எக்ஸ்க்யூஸ் மி மேடம். மை பேக் இஸ் மிஸ்ஸிங்."

அடடா! நான் சொல்லிக்குடுக்காமலே அடுத்த பாடத்துக்கே போயிட்டாங்களே! எனக்குத் தலைகால் புரியல.

"ஓ, ஐ ஆம் சாரி மேடம். வாட் கலர் இஸ் யுவர் பேக்?"

"மை பேக் இஸ் மெரூன் கலர். இட் ஹேஸ் டூ வீல்ஸ். ஒன் வீல் இஸ் நாட் வொர்க்கிங்."

"எல்லாரும் கவனிங்க! இப்படித்தான் விவரமா சொல்லணும். அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா."

இன்னொரு தடவை சொன்னாங்க. பின்வரிசைக்காக மூணாவது தடவையும் சொல்ல வச்சேன். உள்ளே என்ன இருந்துச்சு, கடைசியா எங்க பாத்தீங்கன்னு ஒண்ணு விடாம விசாரிச்சேன்.

நாலாவது தடவை அக்கா இங்கிலீஷை விட்டுட்டாங்க.

"மிஸ்ஸு, நெஜமாவே பொட்டியக் காணோம் மிஸ்ஸு!"

படியில நான் எப்படி இறங்கினேன்னு தெரியல. பலகையில சறுக்கிட்டே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. லாரி நின்ன இடம் காலி. மேஸ்திரி பீடி பத்த வச்சுக்கிட்டு நின்னார்.

"மேஸ்திரி, இங்க ஒரு மெரூன் பெட்டி?"

"ஏத்தியாச்சே. மஞ்ச சீட்டு எல்லாம் எண்ணூர் யார்டு லோடு. நீதான வந்து வாங்கினு போன?"

"ஒரு சூட்கேஸை ஏத்துறோமேன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"சீட்டு கீது, ஏத்துறோம். பொட்டி இன்னா, அதுல இன்னா கீதுன்னு கேட்டுகினு இருந்தா வேலை ஆவுமா?"

"யார்டுக்குப் போனா?"

"கண்டெய்னர்ல போட்டு சீல் வச்சிருவாங்க. அப்பால கப்பல்."

"எந்த ஊருக்கு?"

"அது எனக்கு இன்னா தெரியும்?"

அக்கா மெதுவா கேட்டாங்க. "மஸ்கட் போற கப்பல்னா வுட்டுடலாமா மிஸ்ஸு?"

"உங்க பாஸ்போர்ட் அதுக்குள்ள இருக்குக்கா!"

அப்பதான் அக்காவுக்கு முகம் வெளுத்துச்சு. ஒண்ணும் திட்டல. "எம் பொண்ணு தனியா கீதே மிஸ்ஸு"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

மேஸ்திரி டிரைவருக்கு போன் அடிச்சுப் பார்த்தார். எடுக்கல.

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். தங்கமான புள்ள."

தங்கமான புள்ளையோட வண்டி நம்பரை வாங்கிக்கிட்டு, நானும் அக்காவும் ஆட்டோவுல ஏறினோம். "அண்ணே, எண்ணூர் போற லாரியைப் புடிக்கணும், வேகமா!"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எண்ணூர் ரோட்ல லாரியப் புடிக்க எதுக்கும்மா வேகம்? நடந்து போனாலே புடிச்சிரலாம்."

அவர் சொன்னதுதான் நடந்துச்சு. திருவொற்றியூர் தாண்டினதும் கண்டெய்னர் லாரி வரிசை, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். இந்த வரிசையைத் திட்டாம நான் ஒரு நாளும் அந்த ரோட்ல போனது இல்லை. அன்னிக்கு ஒவ்வொரு லாரியையும் பாத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு.

இறங்கி நடந்தோம். வெயில், தூசி, புகை. ஒவ்வொரு வண்டி நம்பரா பாத்துக்கிட்டே எர்ணாவூர் கிட்ட போனப்போ, பச்சை கேபின், எங்க வண்டி! டிரைவர் ஸ்டியரிங் மேல காலைப் போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தார்.

எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் அசையல.

"சீட்டு கட்ன பொட்டிய நடுரோட்ல எறக்கித் தர முடியாதும்மா. இது உங்க பொட்டின்னு நான் எப்டி நம்புறது?"

அக்கா முன்னாடி வந்தாங்க. மூணு தடவை ஒப்பிச்ச பாடம் இல்லையா? பதட்டத்துல அதுவேதான் வாயில வந்துச்சு.

"சார், மை பேக் இஸ் மெரூன் கலர். இட் ஹேஸ் டூ வீல்ஸ். ஒன் வீல் இஸ் நாட் வொர்க்கிங்."

டிரைவர் என்னைப் பார்த்தார். "இந்தம்மாவுக்குத் தமிழ் வராதா?"

"வரும்ப்பா! அக்கா, தமிழ்ல சொல்லுங்க!"

"நைனா, உள்ள நெத்திலிக் கருவாடு கீது, வடகம் கீது, எம் பொண்ணுக்குப் புள்ள பெத்த மருந்து கீது. அவ அங்க தனியா கீறா. குட்ரு நைனா."

டிரைவர் எந்திரிச்சுட்டார். "கருவாடா! தண்டையார்பேட்டைலேந்து ஒரே வாடை. எதோ எலி செத்துப் பூட்ச்சுன்னு லோடு பூரா தேடிட்டு இப்பதான் கண்ண மூட்னேன். எட்த்துனு போங்க முதல்ல!"

பெட்டி இறங்குச்சு. அக்கா அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். பின்னாடி லாரிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க.

திரும்பி வந்து மெட்ரோ ஏறினோம். ஏசி கோச்சுக்குள்ள கருவாடு. எங்களைச் சுத்தி சீட்டெல்லாம் தானா காலியாச்சு. நேரா ஏர்போர்ட். நேரம் இருந்துச்சு. இனிமே என்ன ஆகப் போகுது?

டிக்கெட் இல்லாதவ உள்ள போக முடியாது. "மிஸ்ஸு, லைன்லயே இரு"ன்னு சொல்லி, அக்கா போனை ஆன்ல வச்சுக் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனாங்க. நான் வெளிய கண்ணாடிக்குப் பக்கத்துல போனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னேன்.

கவுன்ட்டர் பொண்ணு குரல் கேட்டுச்சு. "ஹேஸ் திஸ் பேக் பீன் வித் யூ ஆல் த டைம்?"

"யெஸ்னு சொல்லுங்கக்கா! வெறும் யெஸ்! ஒத்தை வார்த்தை!"ன்னு போன்ல கத்தினேன். பக்கத்துல மாலையோட நின்ன ஒரு குடும்பம் தள்ளிப் போய் நின்னுச்சு. கைப்பைக்குள்ள இருக்கிற போனுக்கு நான் கத்தி என்ன ஆகும்?

அக்கா நிதானமா, அட்சர சுத்தமா ஆரம்பிச்சாங்க.

"நோ மேடம். திஸ் பேக் வென்ட் டு எண்ணூர் பை லாரி. ஐ வாஸ் நாட் இன் த லாரி."

கீபோர்டு தட்டற சத்தம் நின்னுச்சு.

"பட் டோன்ட் வொர்ரி மேடம். த டிரைவர் இஸ் எ குட் மேன்."

"வாட் இஸ் திஸ் யெல்லோ டேக்?"

சீட்டு! அதை அவுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே!

"திஸ் டேக் இஸ் ஃப்ரம் மை இங்கிலீஷ் மிஸ். ஷி இஸ் ஸ்டாண்டிங் அவுட்சைட்."

அதுக்கப்புறம் கேட்டது எல்லாம் காலடிச் சத்தம், ஜிப் திறக்கிற சத்தம், "கருவாடு இஸ் டிரை ஃபிஷ் சார். மை ஆப்போசிட் ஹவுஸ் கேவ் மி"ங்கிற மாதிரி நல்ல நல்ல வாக்கியங்கள். பேறுகால மருந்தைப் பத்தி ஒரு பாராவே வந்துச்சு. பொண்ணு அங்க நிறைமாசமா காத்துக்கிட்டு இருக்கும்போது, என் சட்டத்தால இவங்க இங்க மாட்டிக்கிட்டாங்களேன்னு என்னை நானே அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.

அக்கா போனை எடுத்து ஆபீசர்கிட்டயே குடுத்துட்டாங்க போல, திடீர்னு ஒரு ஆம்பளைக் குரல். "இங்கிலீஷ் மிஸ் நீங்கதானா?"

"யெஸ்"னேன்.

ஒத்தை வார்த்தை. என் சட்டப்படி நான் நின்னுக்கிட்டே இருக்கணும். நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.

"மேடம், உங்க ஸ்டூடன்ட் ரொம்ப நல்லாப் பேசறாங்க. ஒரு கேள்வி கேட்டா ஒரு தெருவோட கதையே வருது. பின்னாடி லைன் வாசல் வரைக்கும் நிக்குது."

"அவங்களை விட்டுடுவீங்களா சார்?"

"பெட்டி முழுக்கப் பாத்தாச்சு, ஸ்கேனும் பண்ணியாச்சு. போர்டிங் பாஸ் குடுத்தாச்சு. அடுத்த தடவை யாருக்காவது சொல்லிக்குடுத்தா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க, போதும்."

அங்கயே ஒரு காலி டிராலி மேல உக்காந்து நல்லா அழுதேன். மாலையோட நின்ன குடும்பம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு.

நேத்து ரெஜினாக்காகிட்ட இருந்து போட்டோ வந்துச்சு. துணியில சுத்தின குட்டி முகம், வாய் மட்டும் பெருசா திறந்திருக்கு. கூடவே அக்கா குரல்ல ஒரு மெசேஜ். "குட் மார்னிங் மிஸ்ஸு. இட் இஸ் எ கேர்ள். ஷி இஸ் க்ரையிங் இன் ஃபுல் சென்டென்ஸ்."

இன்னிக்கு கிளாஸ் போர்டை சுத்தமா அழிச்சுட்டு ஏர்போர்ட் இங்கிலீஷ் மொத்தப் பாடத்தையும் புதுசா எழுதிப் போட்டேன்: யெஸ். நோ. தேங்க்யூ.