கை தூக்கினால் நிற்கும் மினி

இந்தியாவிலேயே, ஏன், உலகத்திலேயே, ரோட்டில் யார் கையைத் தூக்கினாலும் காரை நிறுத்திவிடும் ஒரே மனிதர் எங்கள் தெருக் கிரேன்தான். சவால் விடுகிறேன், இன்னொருவரைக் காட்டுங்கள். லிஃப்ட் கேட்பவருக்காக நிறுத்துவது பெரிய விஷயமில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று சோம்பல் முறிப்பவருக்காக நிறுத்துவதற்குத் தனி மனசு வேண்டும்.

கிரேன் என்பது பட்டப்பெயர். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர், போதாக்குறைக்கு ஆறே கால் அடி உயரம். சொந்தப் பெயர் என்னவென்று ராயபுரத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் கல்யாணப் பத்திரிகை உறையின் மேல் 'கிரேன் அவர்கள், குடும்பத்துடன்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் குடும்பம் கிடையாது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வண்டியையும் இட்டுனு வரச் சொல்றியா நைனா?" என்று கேட்டார்.

வண்டி என்றால் மினி. இங்கிலாந்தில் பிறந்த பழைய மினி. பத்தடி நீளம், பத்து அங்குலச் சக்கரம், பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது போவதைப் புதிதாகப் பார்ப்பவர்கள், ஏதோ லாரியிலிருந்து ஒரு பாகம் கழன்று விழுந்து தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குள் இந்த மனிதர் எப்படி மடங்கி உட்காருகிறார் என்று எட்டிப் பார்த்தால், மடங்கவே இல்லை. காலை நன்றாக நீட்டி, தலைக்கு மேல் நாலு விரல் இடம் விட்டு, ஈஸிசேரில் இருப்பதுபோல இருப்பார். எனக்கு அவரைப் பற்றி ஏற்பட்ட முதல் குழப்பம் இதுதான்.

இரண்டாவது குழப்பம், வண்டி அவரிடம் எப்படி வந்தது என்பது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது என்பார் எங்கள் எதிர்வீட்டுக்காரர். கப்பல் என்ஜினியர் ஒருவர் சீட்டாட்டத்தில் தோற்றது என்பார் டீக்கடைக்காரர். யானைக்கவுனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் துண்டு துண்டாக வாங்கி வந்து கோத்தது என்பது மூன்றாவது கட்சி. அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் போனேன்.

"மாமா, இந்த வண்டி உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"சூயஸ் கால்வாய மூடிட்டானுங்க" என்றார்.

"யாரு மாமா?"

"அத்த வுடு. எண்ணக் கப்பல் வர்ல. லண்டன்ல பெட்ரோலு இல்ல, வெள்ளக்காரன் பேஜாராய்ட்டான். கம்மியா குடிக்கிற மாதிரி ஒரு வண்டி போடுடான்னு சொல்ட்டாங்க. போட்டான் பாரு ஒருத்தன். எஞ்சின எல்லாரும் நேரா வெப்பாங்க. இவன் குறுக்கால வெச்சான். பத்தடி வண்டில எட்டடி ஆளுங்களுக்கு. எஞ்சினுக்கு ரெண்டே அடி. சின்ன வண்டின்னு சிரிச்சானுங்க. அப்பாலிக்கா பனி மலையில ரேஸு வுட்டு, பெரிய பெரிய வண்டியெல்லாம் பின்னால வந்துச்சு. ராணிம்மாவும் இதுல போனாங்க, நர்ஸம்மாவும் இதுல போனாங்க."

"சரி மாமா, உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அதான சொல்லிகினு கீறேன்" என்றார். ஒன்றரை மணி நேரம் சொன்னார். கதவைத் திறக்க உள்பக்கம் கைப்பிடி கிடையாது, கயிறுதான் என்றார். கண்ணாடி இறங்காது, ஒதுங்கும் என்றார். வண்டி கடைசிவரை ராயபுரம் வந்து சேரவில்லை.

ஒரு தடவை அண்ணா நகர் இளைஞர் ஒருவர் தன்னுடைய புது மினியை எங்கள் தெருவுக்கே ஓட்டி வந்தார், இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க. கிரேன் அந்தப் புது வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "இதுக்கும் அதே பேரா தம்பி?" என்றார். ஆமாம் என்றார் இளைஞர். "நம்ம வண்டிய முழுங்கிட்டு வந்து நிக்கிற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, தன் வண்டியை எடுத்துப் பத்தடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

கை தூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது கிரேன் ஓட்டுநர் மேலே கூண்டில் இருப்பார். கீழே ஒரு சிக்னல்மேன் கையால் சைகை காட்டுவார். ஏற்று, இறக்கு, மெல்ல, நகர்த்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை உண்டு. சரக்கு அசைய வேண்டுமானால் அந்த ஒருவர் காட்டினால்தான் உண்டு. ஆனால் நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டுவருபவர் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும், ஏன் எதற்கு என்பதெல்லாம் பிறகு. ஓய்வு பெற்ற பிறகும் கிரேனுக்கு இது ரத்தத்தில் ஓடியது. கை உயர்ந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். ஒரு கையென்றால் சாதாரண நிறுத்தம், இரண்டு கையென்றால் அவசர நிறுத்தம். காசிமேடு பக்கம் காலையில் கூடிச் சிரித்து உடற்பயிற்சி செய்யும் கூட்டம் ஒன்று உண்டு. முப்பது பேர் இரண்டு கையையும் தூக்கிச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை இவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அவர்களும் தினமும் நம்மைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று இன்னும் உற்சாகமாகச் சிரிப்பார்கள்.

துறைமுகத்தில் இன்னொரு விதியும் உண்டு. கொக்கியில் ஆள் ஏற்றக் கூடாது. அதனால் மினியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. நாலு பேர் போகிற வண்டி, எட்டடி இடம் ஆட்களுக்கு என்று பெருமை வேறு. ஆனால் ஒரு மீன் கூடைதான் பக்கத்து சீட்டில் போகும்.

அவருக்குச் சைகை காட்டிய அந்த ஒருவர் என் அப்பா. இருபத்தாறு வருஷம் அப்பா கீழே, கிரேன் மேலே. துறைமுக இரைச்சலில் அப்பாவுக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டிலும் கையால்தான் பேச்சு. ஃபேனைக் கூட்டு என்றால் ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றுவார். சாம்பார் போதும் என்றால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். நானும் தங்கையும் திருதிருவென்று முழிப்போம். அம்மா மட்டும் பதிலுக்குக் கையாலேயே சண்டை போடுவாள்.

அப்பா போய் ஒன்றரை வருஷம் கழித்து என் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயமான நாளிலிருந்தே அம்மா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். எல்லாவற்றிலும் ஓரடி பின்னால் நின்றாள். தாம்பூலத் தட்டைத் தொடவில்லை. புடவைக் கடையில்கூட வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். "நல்ல காரியம்ப்பா. நான் முன்னால வரக் கூடாது. மண்டபத்துல கடைசி வரிசைல குந்தி பாத்துக்கிறேன்" என்றாள். அத்தை, அப்பாவின் அக்கா, அது சரிதான் என்றாள். அத்தை கெட்டவள் இல்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். அம்மா அசையவில்லை. என்னைப் பெற்றவள் என் கல்யாணத்தைக் கடைசி வரிசையிலிருந்து பார்க்கப்போகிறாள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிரேன் எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார்.

"மாப்பிள என் வண்டிலதான் வர்றாரு" என்றார்.

"நீங்க யாரையும் ஏத்த மாட்டீங்களே" என்றேன்.

"ஏத்த மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். "ஏழு மணிக்கு ரெடியா இரு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சித்தப்பா ஏற்பாடு செய்திருந்த பெரிய கார் கேன்சல் ஆனது. ரிசப்ஷனைக் கல்யாணத்தன்று மாலையே வைத்திருந்ததால், காலையில் ராயபுரத்திலிருந்து நேராகத் திருவொற்றியூர் மண்டபம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஆறு கிலோமீட்டர்தானே என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம்.

பூ அலங்காரத்துக்கு வந்தவர் ஒரு மாலையைப் போட்டதும் கார் மறைந்துவிட்டது. கிரேன் அந்த மாலையை எடுத்துப் பம்பரில் கட்டினார். நான் பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், காலை நீட்ட முடிந்தது. எங்களுக்குப் பின்னால் வேனில் சொந்தக்காரர்கள். அதிலும் கடைசி சீட்டில் அம்மா.

கல்யாண வண்டியைப் பார்த்தால் மக்கள் என்ன செய்வார்கள்? கை ஆட்டுவார்கள். கல்மண்டபம் சாலையில் நாலு நிறுத்தம். காசிமேட்டில் மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கிரேனுக்குத் தெரிந்தவர்கள், பதினோரு நிறுத்தம். கையை ஆட்டியவர்களிடம் "இன்னா?" என்று கேட்டு, "ஒண்ணுமில்ல நைனா, சொம்மா" என்று அவர்கள் சொன்ன பிறகே வண்டி நகர்ந்தது. சிரிப்புக் கூட்டம் அன்றைக்குப் பார்த்து இரண்டு தடவை சிரித்தது. சுங்கச்சாவடியைத் தாண்டும்போது மணி ஒன்பது ஐம்பது. பெண்ணின் அப்பாவிடமிருந்து ஆறு போன் வந்துவிட்டது. "பக்கத்துல வந்துட்டோம் மாமா" என்று ஆறு தடவையும் சொன்னேன்.

மண்டபத் தெருவுக்குள் திரும்பினோம். இடது பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம். வலது பக்கம் பந்தல் கால்கள். நடுவே மினி அளவுக்கு ஒரு வழி. அதில் பாதி தூரம் போய் கிரேன் நிறுத்தினார். என் பக்கக் கதவைத் திறந்தால் பள்ளம், அவர் பக்கக் கதவைத் திறந்தால் மூங்கில். மண்டப வாசல் நூறடியில் தெரிகிறது. ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் நிற்கிறார்கள். மணி பத்து ஐந்து.

"போங்க மாமா" என்றேன்.

"ஓரத்துல பள்ளம். உள்ள ஆளு. சிக்னல் இல்லாம எடுக்க மாட்டேன்."

சித்தப்பா முன்னால் ஓடிவந்து, லாரிக்குக் காட்டுவதுபோல "வா, வா, வா" என்று கையை ஆட்டினார். கிரேன் ஜன்னலை ஒதுக்கி, "அது சிக்னல் இல்ல, ஈ ஓட்றது" என்றார். என் நண்பர்கள் வந்து ஆட்டினார்கள். பெண் வீட்டார் ஆட்டினார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு கையால் ஆட்டினார். நாற்பது பேர் கை தூக்கினால் என்ன அர்த்தம்? கிரேன் எஞ்சினை அணைத்தார்.

பிறகு தலையை வெளியே நீட்டினார். "அண்ணியக் கூப்டு" என்றார்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "எந்த அண்ணி?"

"இவன் அம்மா. வேற யாருக்குத் தெரியும்?"

வேனிலிருந்து அம்மா இறங்கி, தயங்கித் தயங்கிப் பந்தல் காலுக்குப் பின்னால் வந்து நின்றாள். அத்தை குறுக்கே வந்தாள். "மாப்பிள வண்டிக்கு முன்னால அவ எப்டி வருவா? ஆரத்தி வேற நிக்குது."

"அப்ப வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார் கிரேன். கோபமில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மணி பத்து பதினைந்து. அத்தை பள்ளத்தைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவின் முந்தானையைத் தானே சரிசெய்து, "போம்மா, சீக்கிரம் போ" என்றாள்.

"இன்னா தம்பி இது" என்று அம்மா கிரேனைப் பார்த்து மெல்லக் கேட்டாள். பிறகு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கையைத் தூக்கினாள்.

அப்பாவேதான். அதே முழங்கை, அதே விரல். ஒரு கையை நீட்டி நகர்த்து என்று காட்டி, மெல்ல என்பதற்கு இன்னொரு கையை அதன் மேல் அசையாமல் பிடித்தாள். எஞ்சின் உறுமியது. அம்மா பின்னோக்கி நடந்தாள், வண்டி அவளைப் பார்த்து வந்தது. பள்ளத்தின் பக்கம் அரையடி ஒதுங்கியபோது விரலை லேசாக வளைத்தாள், வண்டி அரையடி திரும்பியது. கிரேன் ரோட்டைப் பார்க்கவில்லை, அம்மாவின் கைகளை மட்டும்தான் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மாப்பிள்ளை வேர்வையைத் துடைக்கிறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வாசலுக்கு வந்ததும் அம்மா இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்துப் பிடித்தாள். வேலை முடிந்தது, எல்லாவற்றையும் பூட்டு என்ற சைகை அது. பெண் வீட்டார் அவள் தங்களை வணங்குகிறாள் என்று நினைத்து எல்லோரும் கை குவித்தார்கள். சம்பந்தியம்மா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி" என்று நேராக மேடைக்கே அழைத்துப் போனார். அம்மாவுக்குப் பின்வாங்க வழியில்லை. பத்து இருபத்தெட்டுக்குத் தாலி கட்டினேன். முதல் அட்சதை அம்மா போட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வந்தேன். கிரேன் வண்டியின் மேல் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. காசிமேட்டு மீன் சந்தில் இதைவிடக் குறுகலான இடத்தில், சாக்கடை ஓரமாக, இவர் தினமும் தனியாக ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எந்தச் சிக்னல்மேனும் கிடையாது.

"மாமா, நிஜமாவே சிக்னல் இல்லாம வண்டி எடுக்க முடியாதா? இல்ல, அம்மாவுக்காகவா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு மாற்றினார். "சூயஸ் கால்வாய மூடிட்டானுங்க" என்று ஆரம்பித்தார்.

எனக்கு இன்றுவரை விடை தெரியாது. கிறுக்கா, திட்டமா, இரண்டும் பாதிப் பாதியா என்று அம்மாவைக் கேட்டால் அவளும் கையை விரிக்கிறாள். அன்றைக்கு அவர் பனி மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் உயரத்துக்கு அவருடைய சட்டைப் பை வரைக்கும்தான் எட்டியது.

"வுடு நைனா, பட்டு கசங்குது" என்றார்.

நான் விடவில்லை.