பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அங்கே எல்லோரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்காகத் துக்கம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அழுவதற்கு இப்போது இடைஞ்சல் இல்லை.

"தச்சுப் பட்டறையை மூடிட்டு அதையும் வீடாக்கி வாடகைக்கு விட்டுடுங்க அண்ணி" என்று போனில் சொன்னீர்கள். அவர் போனதிலிருந்து நானும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. மரத்தூள் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். சரி, முறைப்படி கேட்டுவிடலாம் என்று நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் அதிகாரியம்மா, உங்கள் மூத்த மகள் வயதுதான் இருக்கும், சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் காட்டினார். ஊர் முழுக்க வண்ணம் அடித்திருக்கிறார்கள், தம்பி! மஞ்சள் என்றால் வீடுகள், சிவப்பு கடைகள், ஊதா தொழிற்சாலைகள், அதுவும் புகை நம் பக்கம் வராதபடி காற்று பார்த்து வைத்திருக்கிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை மாடி, மதிலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாவற்றுக்கும் விதி. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களை யாரை எந்த அறையில் படுக்க வைப்பது என்று எனக்கு விடியும்வரை பிடிபடவில்லை. இவர்கள் ஓர் ஊரையே படுக்க வைத்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நம் தெரு மஞ்சள். "அப்ப எங்க பட்டறை?" என்றேன். "வரைபடம் போடறதுக்கு முன்னாடியே இருந்ததும்மா, அதனால விட்டு வச்சிருக்கோம். ஓடுற வரைக்கும் ஓடலாம். சேர்ந்தாப்ல ஒரு வருஷம் மூடிக் கிடந்தா அந்த உரிமை போயிடும், அப்புறம் அங்க வீடுதான்" என்றார். மூடுவதற்கு வழி கேட்கப் போனவள் அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். மனுஷன்தான் போய்விட்டார், அவர் பட்டறையையும் நானே அனுப்பி வைப்பதா?

அன்றே கதவைத் திறந்து இழைப்பு மெஷினைப் போட்டேன். எனக்கு வேலை தெரியாது, ஸ்விட்ச் தெரியும். அவர் கதவு செய்ய வைத்திருந்த ஒரு பலகையைத் தினமும் உள்ளே விட்டு வெளியே எடுத்தேன். இழைத்து இழைத்துப் பலகை அட்டையாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார், "என் பிள்ளைங்க சுருதி சேரவே மாட்டேங்குதும்மா" என்று சண்டைக்கு வந்தார். "மெஷின் ஓடாதப்பவும் சேரலையே சார்" என்றேன். மனுஷன் நேரே புகார் கொடுத்துவிட்டார். அதே அதிகாரியம்மா வந்தார். வாத்தியாரிடம், வீட்டு அறையில் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம், விளம்பரப் பலகை மட்டும் இவ்வளவு பெரிதாகக் கூடாது என்றார். என்னிடம், பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்றார். ஒரே தராசு, பாரபட்சமே இல்லை! அப்புறம் அட்டையைத் தூக்கிப் பார்த்து, "இது என்னம்மா செய்றீங்க?" என்றார். "கதவு" என்றேன். "யாருக்கு, எலிக்கா?" என்றார். உங்கள் அண்ணன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், தம்பி. சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். அந்தப் பெண் கையில் இருந்த அளவு டேப்பைச் சுருட்டாமல் அப்படியே நின்றது.

ஆகவே பட்டறையை மூடச் சொல்லி இனி யாரும் வர வேண்டாம். சட்டமே ஓட்டச் சொல்கிறது, நான் என்ன செய்ய? பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மனைவியை முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அதிகாரியம்மா வந்தார். புது வரைபடம் வந்துவிட்டதாம், நம் தெரு கலப்புப் பகுதி ஆகிவிட்டதாம், வீடும் இருக்கலாம் பட்டறையும் இருக்கலாம், எத்தனை வருஷம் மூடிக் கிடந்தாலும் உரிமை போகாதாம். "இனிமே நீங்க மெஷின் போட வேண்டியதே இல்லம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார். மேலே சட்டம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அட்டையும் இன்று காலையில் இரண்டாகப் போய்விட்டது. நீங்கள் அவசியம் வரவும். வரும்போது ஒரு பலகை கொண்டுவரவும். நல்ல தடிமனாகப் பார்த்து.