பூவை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன்

பல வருடம் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவனுக்கு, தானும் ஒரு கலைஞன் என்ற எண்ணம் என்றாவது ஒரு நாள் வரும். அன்றைக்கு அவனை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிடுவது ஊருக்கு நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

வில்லாபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் சுகந்தி மேடம் போன் செய்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர். அவருடைய கல்யாண ஆல்பம் என் கைவண்ணம்தான்.

"அண்ணே, அழகர்மலையில ஒரு ஆர்கிட் பூ இருந்ததா பழைய குறிப்புல இருக்கு. அதுக்கப்புறம் யாரும் பாத்ததில்ல. மூணு வருசமா மழை விழுந்ததும் போய்த் தேடுறேன். இப்ப அங்க இருக்குற வனக்காவலர் அந்த இலையைப் பாத்தேங்கிறாரு. போன்ல எடுத்தாத் தெளிவா வராது. நீங்க வாரீகளா?"

"வாரேன் மேடம்!"

போனை வைத்ததும் மனைவி செல்வியிடம், "இனிமே பொண்ணு மாப்பிள்ளையக் கழுத்தைச் சாய்க்கச் சொல்ற பொழப்பெல்லாம் இல்ல. இயற்கைதான்" என்று அறிவித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்கும் அட்வான்ஸ் வாங்குவீங்கல்ல?" என்றாள்.

காட்டுக்கென்றே இலை இலையாய் அச்சடித்த பேன்ட் ஒன்று வாங்கினேன். (புலி பார்த்தால் என்னைப் புதர் என்று நினைக்க வேண்டுமாம். அழகர்மலையில் புலி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குரங்குகள் இருந்தன. அவை ஏமாறவில்லை.) இரண்டு லென்ஸ், லைட்டுக்குக் குடை, பூவின் மேல் பனித்துளி வைக்கத் தண்ணீர் ஸ்பிரேயர் என்று ஒரு ரிசப்ஷனுக்குரிய சாமான்களோடு ஒத்தக்கடையில் மேடத்தின் காரில் ஏறினேன்.

வனக்காவலர் பெருமாள் அண்ணன் முன்னால் நடக்க, நான் நாலு அடிக்கொரு தரம் 'வியூ' பார்க்கிற சாக்கில் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு சரிவுக்கு வந்ததும் அவர், "இலையைப் பாத்தது இங்கனதான்மா. எடம் சரியா நெனப்பில்ல" என்றார்.

பூ எப்படி இருக்கும் என்று மேடம் விளக்கினார். நான் லென்ஸில் தூசி ஊதிக்கொண்டே தலையை ஆட்டினேன். 'அபூர்வம்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஊதா நிறம். அம்புட்டு அழகு. வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தேன். ஃபிரேமின் ஓரத்தில் ஏதோ ஒரு பச்சைத் தண்டு, உச்சியில் கசங்கிய நூல் மாதிரி எதையோ வைத்துக்கொண்டு நின்றது. மண்டபத்தில் இப்படி யாராவது குறுக்கே நின்றால் "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பேன். இங்கே அதைப் பிடுங்கித் தோளுக்குப் பின்னால் எறிந்தேன். பிறகு ஸ்பிரே அடித்து, குடை பிடித்து, குப்புறப் படுத்து நூறு படம் எடுத்தேன்.

"மேடம்! கெடைச்சிருச்சு!"

ஓடி வந்த மேடம் வழுக்கி விழுந்ததில் முழங்காலில் சிராய்ப்பு. அப்போதும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். பெருமாள் அண்ணன் முந்திக்கொண்டு கேமராவை எட்டிப் பார்த்தார்.

"சார், இது கொழுஞ்சியில்ல? எங்க ஊரு வரப்பு பூரா இதுதான். ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மேடம் என் மனம் நோகக் கூடாதென்று நூறு படத்தையும் பொறுமையாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். முதல் படத்தில் விரல் நின்றது. அதைப் பெரிதாக்கினார்.

"அண்ணே... ஓரத்துல பச்சையா நிக்குதே, அது எங்க?"

"அதுவா மேடம்? இடைஞ்சலா இருந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்த அரை மணி நேரம் மூன்று பேரும் புல்லுக்குள் தவழ்ந்தோம். கிடைத்ததை மேடம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடத் தேடல், வாடிப்போய்க் கிடந்தது.

"திட்டிருங்க மேடம்."

"வார்த்தை வரலண்ணே."

என் பேன்ட் உண்மையிலேயே என்னைப் புதராக்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. பெருமாள் அண்ணன் மட்டும் நான் பிடுங்கிய இடத்தை விரலால் மெல்லக் கிளறினார். "தண்டுதான்மா அத்துருக்கு. கெழங்கு உள்ள பத்திரமா இருக்கு. அடுத்த மழைக்கு மொளைச்சிரும்." அப்போதுதான் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

அடுத்த வருடம் அது முளைத்தது, பூத்தது. பெருமாள் அண்ணன் என் இரண்டு கைகளின் மேலும் ஒரு கண் வைத்திருக்க, ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். மேடத்தின் ஆய்வுக் கட்டுரையில் அந்தப் படம் என் பெயரோடு அச்சானது.

அத்தோடு போயிருக்கும். செல்விதான் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். போன மாதம் ஒரு காதுகுத்தில் குடும்பப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினேன். ஓரத்தில், பச்சைச் சட்டையில் நின்ற பெரிய மச்சான் பக்கத்திலிருந்த தூணைக் கட்டிக்கொண்டு அலறினார்:

"மாப்ள, பிடுங்கி எறிஞ்சிராதீக! எனக்குக் கெழங்கெல்லாம் கெடையாது!"