மேல்மாடி ஹீட்டர்

அன்று காலை அபூ நதீம் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். அந்த வீட்டில் தீர்மானம் எடுப்பது அவர் வேலை. அதை என்ன செய்வது என்று முடிவு செய்வது மனைவி விதாதின் வேலை.

"மேல்மாடியை வாடகைக்கு விடப்போறேன்!"

மகன் நதீம் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடியிருப்பான் என்று ஆசை ஆசையாகக் கட்டிய மாடி. அவனோ பிரேசிலுக்குப் போனான், அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டான். போன வாரம் போனில், "இனிமே நான் வரமாட்டேன்ப்பா, யாருக்காவது விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். நதீமின் அப்பா என்பதால்தான் ஊரில் அவருக்கு அபூ நதீம் என்றும், அம்மா என்பதால் விதாதுக்கு உம்மு நதீம் என்றும் பெயர். பிள்ளை போயும் பெயர் போகவில்லை. ஒரு வாரமாக அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அதை மறைக்கத்தான் சாக்குக்கட்டியும் கையுமாக மாடிச் சுவரெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க ஃப்ரிட்ஜுக்கு ஒரு பாயிண்ட். கட்டில் பக்கம் ரெண்டு பாயிண்ட்."

"பேச்சுல ஒரு பாயிண்டும் கிடையாது. சுவத்துலயாவது இருக்கட்டும்."

"சிரிக்காத, உம்மு நதீம்! வயரிங் முழுக்கப் புதுசு. மேல தனி லைன், கீழ தனி லைன். நதீம் மேல ஹீட்டரைப் போட்டா நமக்குக் கீழ கரண்ட் போகுமே, மறந்துட்டியா? தனித்தனியாப் பிரிக்கலேன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

விதாத் எதை மறப்பாள்? லெபனானின் திரிப்போலியில் அரசாங்கக் கரண்ட் வந்தால் அதிசயம். தெரு ஜெனரேட்டர் தரும் ஐந்து ஆம்பியரில்தான் பிழைப்பு. நதீம் வேலை முடிந்து வந்து குளிக்க ஹீட்டரைப் போடுவான். கீழே விளக்கு, டிவி எல்லாம் படுத்துவிடும். "டேய், ஹீட்டரை அணைடா!" என்று அவள் படிக்கட்டிலிருந்து கத்துவாள். "அஞ்சு நிமிஷம்மா!" என்று மேலிருந்து பதில் வரும். பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று அந்த இருட்டுதான் அவளுக்குச் சொல்லும்.

"சரி, பிரிங்க" என்றாள்.

இத்தனை சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே அபூ நதீம் உஷாராகியிருக்க வேண்டும். மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டு, எலக்ட்ரீஷியனுக்குக் காபி கொடுக்கும் பொறுப்பையும் அவளிடமே ஒப்படைத்தார்.

வயரிங் முடிந்ததும் இளம் பல் டாக்டர் ஒருவன் குடிவந்தான். முதல் நாள் சாயங்காலமே கீழ்வீடு இருண்டது.

"தம்பி, ஹீட்டரை அணைப்பா!" படிக்கட்டில் விதாதின் குரல்.

"அஞ்சு நிமிஷம், பெரியம்மா!"

அபூ நதீம் தட்டுத் தடுமாறி ஓடிவந்தார். "தனி லைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"எல்லாம் தனிதான். ஹீட்டரை மட்டும் நம்ம லைன்லயே விடச் சொன்னேன்."

"ஏன்டி?"

"வீட்டுக்கு யாரோ வந்தாங்கன்னு தெரிய வேணாமா?" அவள் குரல் உடைந்தது.

அவருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, இருட்டு. இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்தறேன் பாரு" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கூப்பிடுங்க" என்றாள் விதாத்.

மறுநாள் காலை அபூ நதீம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. மீசையை மழிக்க வெந்நீர் கேட்டு, கிண்ணத்தோடு மேல்மாடிக்குப் போனார்.