ஒற்றைச் செருப்பு

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வாளர் வரவேண்டும்; கல்லூரியின் பின்பக்க ஹாலில் விளக்கு எரியவில்லை. கடுகு சுவிட்சை எட்டு முறை தட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது முறை சுவரைக் குத்தினாள். கைதான் வலித்தது.

கடுகு என்பது வீட்டில் வைத்த பெயர். உருவம் சின்னது என்பதற்காக வைத்ததல்ல, சூடு பட்டால் வெடிப்பாள் என்பதற்காக. கலைக் கல்லூரியில் இது அவளுக்குக் கடைசி வருடம், இரண்டாவது தடவையாக. போன வருடம் இதே ஹாலில் மூடிப்போன மருத்துவமனை வார்டு ஒன்றை அமைத்திருந்தாள். தேர்வாளர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆள் புழங்கற இடம் மாதிரியே இருக்கேம்மா. கைவிட்ட இடம்னு நம்ப முடியலையே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருடம் போயிற்று.

இந்தத் தடவையும் போனால் ஜெராக்ஸ் கடையில் வந்து நிற்கும்படி அக்காவின் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார். சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அன்று அவள் சுவரில் அடித்த போன் இன்னும் உயிர் பெறவில்லை.

தேர்வு விடுமுறை என்பதால் மற்ற மாணவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். இவள் மட்டும் தினமும் பின்வாசல் வழியாக வந்து, மூடிப்போன இடம் ஒன்றை மறுபடியும் அமைத்துக்கொண்டிருந்தாள். நான்கு துருப்பிடித்த கட்டில்கள், சக்கர நாற்காலி ஒன்று, மூடிப்போன குழந்தைகள் இல்லத்திலிருந்து கிடைத்த முப்பது ஸ்பூன்கள். ஒவ்வொரு ஸ்பூனிலும் ஏதோ ஒரு குழந்தை தன் பெயரைக் கீறி வைத்திருந்தது. சுவர் முழுக்க, மறு அறிவிப்பு வரும்வரை இந்நிறுவனம் மூடப்படுகிறது என்ற நோட்டீஸ்கள். பள்ளிக்கூடம், சிறைச்சாலை, காசநோய் மருத்துவமனை என்று இடத்துக்கொரு முத்திரையோடு எல்லாம் அவளே எழுதி அச்சடித்தவை.

வாசல் காவலாளியோடு பேச்சு வார்த்தை இல்லை. குப்பை என்று நினைத்து அவர் சக்கர நாற்காலியை ஒரு நாள் வெளியே தள்ளி வைத்துவிட்டார். "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று கத்திவிட்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் இவள் விரலை நீட்டியதும் மூடிக்கொண்டார்.

விளக்கு பற்றிப் புகார் எழுதி அலுவலகப் பெட்டியில் போட்டாள். மதியம் வரை பதில் இல்லை. இரண்டாவது புகாரைச் சிவப்பு மையில் எழுதினாள். அதற்கும் இல்லை. திமிர், வேறென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்காக இறுகிக் கிடந்த ஜன்னலைச் சுத்தியலால் உடைத்தாள்.

வெளிச்சம் வந்தது. கூடவே பதினைந்து புறாக்களும் வந்தன.

புறாவை விரட்டும்போதுதான் ஒரு நோட்டீஸ் கண்ணை உறுத்தியது. மற்றதெல்லாம் அவள் ஊற்றிய டீயில் பழுப்பேறியிருக்க, அது மட்டும் சலவை வேட்டி போலப் பளிச்சென்று இருந்தது. தன் சோம்பேறித்தனத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தேர்வாளர் இதைப் பார்த்தால் போதுமே, மறுபடி ஒரு வருடம். ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை எடுத்து அதன்மேல் விசிறி அடித்தாள். அப்போதும் புதுசாகத்தான் தெரிந்தது. கரையான் தின்ற மாதிரி கீழ்ப்பாதியைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். இப்போது சரியாக இருந்தது.

ஜன்னலை அடைக்க அட்டை தேடிப் போய்விட்டு வருவதற்குள், இரண்டு சுமைக்காரர்கள் கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பையெல்லாம் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் லாரிக்குக் குறுக்கே படுத்து மூன்று கட்டில்களை மீட்டாள். நாலாவதும் சக்கர நாற்காலியும் அதற்கு முந்தைய லாரியிலேயே போய்விட்டன.

மறுநாள் பத்து மணி ஆயிற்று, தேர்வாளர் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பதினொன்றுக்குக் கடுகு வெடித்தாள். புறா எச்சம் பட்ட சட்டையோடு முன்பக்க அலுவலகத்துக்கு ஓடினாள். பின்னாலேயே காவலாளியும் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

கதவைத் தள்ளித் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அறை காலியாக இருந்தது. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த வட்டம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அலமாரியில் ஒரு காகிதம் இல்லை. மேஜை இருந்த இடத்தில் நான்கு கால் தடங்கள். நடுவில், வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.

அவளுக்கு வயிறு எரிந்தது. எல்லாப் போட்டியிலும் பதக்கம் வாங்கி, பதக்கம் என்றே பெயர் எடுத்த வகுப்புத் தோழியின் வேலைதான் இது, சந்தேகமே இல்லை. யோசனையைத் திருடியதுகூடப் பரவாயில்லை. இவ்வளவு நன்றாகவா செய்வாள்? மூன்று வாரமாக இவள் டீ ஊற்றிக்கொண்டிருக்க, அவள் ஒரே ஒரு செருப்பை வைத்து முடித்துவிட்டாள். தேர்வாளர் இங்கே வந்து பார்த்து, மார்க்கும் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

"அந்தப் பதக்கம் எங்க?" என்றாள் காவலாளியைப் பார்த்து. மூன்று வாரத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா. ஜெராக்ஸ் கடையிலதான் நான் நிக்கணும். சொல்லுங்க, எப்போ செஞ்சா இதை? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பேசலாமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"பேசித் தொலைங்க."

அவர் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து, அறுந்த வாரை முடிச்சுப் போட்டு, செருப்பில்லாத தன் காலில் மாட்டிக்கொண்டார்.

"இதை யாரும் செய்யலம்மா, காலேஜை மூடிப் பத்து நாளாச்சு. பேசக்கூடாதுன்னு சொன்னீங்களேன்னு, நீங்களே படிச்சுக்குவீங்கன்னு நோட்டீஸை உங்க சுவத்துலயே ஒட்டினேன். இன்னைக்குப் பரீட்சை எந்தக் காலேஜ்லன்னு அதுல கீழ்ப்பாதியில போட்டிருந்துச்சே?"