கைபேசி சொன்ன கோளாறு

"போயிடுச்சா?" என்று கேட்டான் ஆதர்ஷ்.

"ஃபோன்ல போயிடுச்சு."

"வண்டில?"

மிருதுளா விரலை நீட்டிக் காட்டினாள். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த டீசல் காரைக் கல்யாணத்துக்கு முன்பே கோயம்புத்தூரில் தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள். கொல்கத்தாவில் இந்த ஜாதவ்பூர் அடுக்குமாடி வீடு, கட்டில், சோபா எல்லாம் ஆதர்ஷின் வேலை மாற்றலுக்குப் பின்னால் வந்தவை. யோசித்துப் பார்த்தால் அவளும் அப்படித்தான் வந்திருந்தாள். கார் மட்டும் அவளுக்காக வந்தது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும், போகும் இடத்தைத் தானே தீர்மானிக்கிறோம் என்ற நினைப்பு வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விளக்கு எரியத் தொடங்கியதுமே ஆதர்ஷ் வண்டியை விற்க ஒரு புரோக்கரிடம் பேசிவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது ஏன் எரியுதுன்னு கண்டுபிடி, வச்சுக்கலாம். இல்லேன்னா குடுத்துடலாம்."

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் மிருதுளாவின் வேலை. ஆகவே மெக்கானிக்கிடம் போகாமல் இணையத்தில் ஒரு சின்னப் பெட்டி வாங்கினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், எஞ்சினின் கோளாறுகளைப் படித்துக் கம்பியில்லாமல் கைபேசிக்கு அனுப்பும். கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நாலு. இந்த மாதிரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பெயரும் ஒன்றுதான், கடவுச்சொல்லும் ஒன்றுதான் என்று படித்துவிட்டு ஆதர்ஷ் சிரித்தான்.

கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தி முதல்முறை இணைத்ததுமே கைபேசி சொல்லிவிட்டது: காற்றழுத்த சென்சார். மனிதர்கள் சொல்வதை மிருதுளா இரண்டு முறை சோதிப்பாள். திரை சொன்னதைச் சோதிப்பதில்லை.

ஆபீஸ் விட்டு வந்ததும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில், எது எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையில் வைத்தாள். சென்சாரில் அப்பியிருந்த கரியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தெடுத்தாள். லிஃப்ட் பக்கம் நின்று பார்த்த ஆதர்ஷுக்கு, தான் வாழ்நாளில் எதையும் இவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை என்று தோன்றியது. அதைச் சொன்னால் விலை பேசியது வீணாகிவிடும் என்று பேசாமல் மாடிக்குப் போனான்.

பக்கத்து இடத்தில், வங்காளி வழக்கப்படி அவள் 'காக்கு', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் தஸ்திதாரின் கார் நிற்கும். மாடியில் மனைவி சீரியல் பார்க்கும் நேரமெல்லாம் அவர் கீழே எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுப் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார். மனைவியின் வைத்தியத்துக்காக வேலூரில் தங்கியிருந்தபோது பிடித்த தமிழ் அவருக்குண்டு.

"டாக்டர் மாதிரி பண்றே மா," என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார். "வேலூர்ல கூட இவ்ளோ பொறுமை நான் பாக்கல."

சுத்தம் செய்த சென்சாரை மாட்டினாள். கைபேசியில் கோளாறை அழித்தாள். 'கோளாறு இல்லை' என்றது கைபேசி. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. மறுநாள் மாலை கைபேசியிலும் அதே கோளாறு திரும்பி வந்தது.

கார் பாகங்கள் விற்கும் மல்லிக் பஜாரில் அலைந்து புது சென்சார் வாங்கிப் போட்டாள். கைபேசி மறுபடியும் அதே சென்சாரைச் சொன்னது. வயரில்தான் கோளாறு என்று முடிவுசெய்து வயரை இழுத்துப் பார்த்ததில் அதன் கிளிப் உடைந்தது. நூலால் கட்டினாள். காற்று அளக்கும் சென்சாரையும் எடுத்துத் துடைத்தாள். வண்டி கரும்புகை விட்டது. மேம்பாலம் ஏற மறுத்தது. அந்த ஓட்டத்தில் கைபேசியாவது ஏதாவது சொல்லும் என்று பார்த்தால், கேட்டைத் தாண்டியதுமே இணைப்பு போய்விட்டது. பெட்டியும் பழுது என்று மனதில் சேர்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்து நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் தூண்கள் அதிர உறுமியது. கைபேசியோ எஞ்சின் மிதிபடாமல் மெதுவாக ஓடுகிறது என்றது.

"அப்படின்னா சுழற்சி சென்சாரும் போச்சு," என்றாள்.

"இன்னும் எது பாக்கி?" என்றான் ஆதர்ஷ்.

சுழற்சி சென்சாரைக் கழற்றி மாட்டியதில் வண்டி கிளம்பவே இல்லை. அன்று மிருதுளா தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். காரை விடவும், தன்னால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று தன்னுடையதிலேயே இருக்கிறது என்பதுதான் அவளை வாட்டியது. காக்கு பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் காருக்குத் திரும்பினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முட்டை அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பழையபடி மாட்டினாள். வண்டி கிளம்பியது, புகையில்லாமல். விளக்கு மட்டும் அப்படியே.

ஞாயிறு மாலை புரோக்கர் வந்தார். மிருதுளா பானெட்டைத் துடைத்து மூடினாள். கடைசியாக ஒரு முறை கைபேசியில் கோளாறை அழித்துப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. அவள் தலையசைக்க, ஆதர்ஷ் மனமில்லாமல் சாவியை நீட்டினான்.

அப்போது தஸ்திதார் காக்கு தன் காரிலிருந்து இறங்கி அவசரமாக வந்தார்.

"விக்காதே மா. உனக்கு நல்ல கை."

"இவ்வளவு செஞ்சும் என் வண்டி சரியாகலையே காக்கு."

"சரியாகறது உன் வண்டி இல்ல மா, என் வண்டி," என்றார் அவர். "எனக்கும் இந்த மஞ்சள் விளக்கு தினம் வருது. மாப்பிள்ளை ஸ்டியரிங் கீழ சின்னப் பெட்டி ஒண்ணு மாட்டிட்டுப் பெங்களூர் போயிட்டான், எனக்கு அது ஒண்ணும் புரியல. ஆனா சாயங்காலம் நீ இங்க நின்னு ஃபோனைத் தட்டினா போதும், என் வண்டில விளக்கு அணைஞ்சிடுது."